ஆறுமணிக்குருவி இருந்த வளவு

என் மகனுக்குப் பதினான்கு வயது. புத்தளத்தில் பிறந்து புத்தளத்தில் படிக்கிறான். யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் "உங்கட ஊர்" என்றுதான் சொல்வான். "உங்கட ஊர்ல மழையாம் வாப்பா." "உங்கட ஊர் மாம்பழம் வந்திருக்கு வாப்பா." திருத்திப் பார்த்திருக்கிறேன். "எங்கட ஊர் என்டு சொல்லு மகன்" என்றால் சொல்வான். அடுத்த நாள் மறுபடியும் அது "உங்கட ஊர்" ஆகிவிடும். அதில் குறும்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. அவனுக்கு அது அப்படித்தான்.

2024 ஜனவரியில் அவனையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். போனது காணி விற்க. சோனகத்தெருவில், ஐந்து சந்தியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், வாப்பாவின் வளவு இருக்கிறது. வீடு இல்லை. அத்திவாரமும் கிணறும் எஞ்சியிருக்கின்றன. மற்றதெல்லாம் பற்றை. வாங்க வந்தவர் மரியாதையான மனிதர், சொன்ன விலையும் குறைவில்லை. ராத்தாவும் தம்பியும் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார்கள். "எத்தினை நாளைக்குத்தான் வேலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? வித்துப்போட்டு வா" என்றார் ராத்தா. நொத்தாரிசு கொடுத்த திகதி திங்கட்கிழமை. நாங்கள் வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்தோம். இடையில் கிடந்த இரண்டு நாட்களில் ஒன்றை, சுண்டிக்குளத்துக்குப் போய்க் குருவி பார்ப்பதற்கென்று வைத்திருந்தேன். மகனுக்கு அதில்தான் ஆசை. காணியைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

குருவி பார்க்கிற பழக்கம் எனக்கு வாப்பாவிடமிருந்து வந்தது. அதை ஒரு பழக்கம் என்று அவர் நினைத்ததேயில்லை. நகரத்தில் சின்னதாக ஒரு தையல்கடை வைத்திருந்தார். அசர் தொழுதபின் கடையைப் பொடியனிடம் விட்டுவிட்டு, சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போவார். கோட்டையைத் தாண்டினால் தீவுப்பகுதிக்குப் போகும் பண்ணைத் தாம்போதி. இரண்டு பக்கமும் கடல். கடல் என்பது பேருக்குத்தான். வற்று நேரத்தில் முழங்காலளவு தண்ணீரும், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் கிடக்கும். சைக்கிளைக் கல்லில் சாத்திவிட்டு அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

புரட்டாசி பிறந்ததும் அந்தச் சேற்றில் புதிய ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். வாப்பா பறவைகள் அத்தனையையும் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்: கொக்கு, தாரா, உள்ளான். உள்ளானை மட்டும் அவர் இன்னும் பிரிப்பார். அதற்குத் தையற்காரனின் வழி ஒன்று வைத்திருந்தார். வளைந்த நீள மூக்குள்ள கோட்டானைக் காட்டி, "அது கோணூசி" என்பார். நேரான நீள மூக்குள்ள மூக்கானைக் காட்டி, "அது கோட் தைக்கிற ஊசி." சேற்று விளிம்பில் எலிக்குஞ்சு போல ஓடித்திரியும் கொசு உள்ளானை, "அது பொத்தான் ஊசி" என்பார். பின்னாளில் புத்தகங்களில் படித்தபோது, அவர் விளையாட்டாகச் சொன்னதுதான் விஷயம் என்று தெரிந்தது. சேற்றுக்குள் புழுவும் நண்டும் சிப்பியும் வெவ்வேறு ஆழத்தில் இருக்கின்றன. சின்ன மூக்கு மேற்சேற்றில் பொறுக்குகிறது. நீள மூக்கு அடியில் துழாவுகிறது. ஒரே சேற்றில் இத்தனை விதமான பறவைகள் சண்டையில்லாமல் பிழைப்பது ஊசியின் அளவு வேறு வேறாக இருப்பதால்தான்.

"இதெல்லாம் ரஷ்யாவில இருந்து வருது" என்று ஒருநாள் சொன்னார். நான் நம்பவில்லை. பண்ணைப் பாலத்தைத் தாண்டி மண்டைதீவு வரை போனதே எனக்குப் பெரிய பயணம். அவர் சொன்னது பொய்யில்லை. 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்துக் கருவி பொருத்திவிட்ட கடற்காகங்கள், இந்தியாவைக் கடந்து, ரஷ்யாவின் வடகோடியில் பனிக்கடலோரமாக இருக்கும் யமால் குடாநாட்டில் போய்க் கோடையைக் கழித்தன. அந்த வருடக் கடைசியில் திரும்பி மன்னாருக்கே வந்தன. வாப்பா அதைக் கேட்க இருக்கவில்லை.

1990 ஆம் ஆண்டு நாங்கள் பண்ணைக்குப் போகவில்லை. ஜூனில் மறுபடியும் சண்டை தொடங்கியது. கோட்டையைச் சுற்றி இரவும் பகலும் வெடி. செப்டெம்பர் கடைசியில் இராணுவம் கோட்டையை விட்டுப் போனபின்னும் அந்தப் பக்கம் போக வாப்பாவுக்கு மனம் வரவில்லை. "குருவி எங்க போகப்போகுது? அடுத்த வருஷம் பாப்பம்" என்றார்.

அந்த ஒக்டோபர் 29 ஆம் திகதி மாலை, எங்கள் கிணற்றடியில் ஒரு குருவி விழுந்து கிடந்தது. முதுகு பச்சை, வயிறு தவிட்டு நிறம், வால் அடியில் கடும் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டி. இத்தனை நிறத்தை ஒரே குருவியில் நான் பார்த்ததில்லை. கையில் எடுத்தபோதும் அது பறக்கவில்லை. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்தது. உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. "ஆறுமணிக்குருவி. கடல் தாண்டி வந்த களைப்பு. ராவைக்குக் கிடக்கட்டும், விடியப் பறந்திடும்" என்றார். பூனை பிடிக்காமலிருக்க ஒரு கடகத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். விடியற்காலையும் அந்திப்பொழுதும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அதற்கு அந்தப் பேர். வட இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை அது. பாக்கு நீரிணையை இரவில் கடந்து, கரை கண்டதும் கிடைத்த வளவில் விழுந்துவிடுவது அதற்கு வழக்கம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும். வந்தபின் சொன்னார்கள், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று. மற்றதை இந்தப் பக்கங்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், சோதனை வரிசையில் நின்றபோது, கடகத்தை நினைத்துக்கொண்டான். அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ராத்தாவின் காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் உம்மாவின் சீலையைப் பிடித்து இழுத்து, "குருவி கடகத்துக்குள்ள" என்றேன். உம்மா கேட்டாரா என்று தெரியாது. பதில் சொல்லவில்லை.

புத்தளத்தில் எங்களுக்குக் கிடைத்தது கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு முகாம். கிடுகுக் கொட்டில், உப்புத் தண்ணீர், வரிசை. வந்து சில கிழமைக்குப் பின், குளிக்கத் தண்ணீர் தேடிப்போனவன் களப்பின் கரையில் நின்றுவிட்டேன். சேற்றில் கோணூசி நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பொத்தான் ஊசிகள் ஓடின. ஓடிப்போய் வாப்பாவைக் கூட்டிவந்தேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பண்ணையில இருக்கிற அதே சாதிதான்" என்றார். பிறகு திரும்பி நடந்தார். அதற்குப்பின் அவர் குருவி பார்க்க வரவில்லை. ஒரு தையல் மெசினைத் தவணைக்கு எடுத்து, கொட்டில் வாசலில் போட்டு, 2003 இல் மௌத்தாகும்வரை அதிலேயே இருந்தார். நான்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட நூலகத்தில் சாலிம் அலியைப் பற்றிய புத்தகம் ஒன்று அகப்பட்டது. 1896 இல் பம்பாயில் பிறந்தவர். ஒரு வயதில் தகப்பனையும் மூன்று வயதில் தாயையும் இழந்து மாமன் வீட்டில் வளர்ந்த பையன். விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டு விழுத்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்ததைக் கண்டு, அது என்ன குருவி என்று கேட்கப் புறப்பட்டவர், பிறகு அறுபது எழுபது வருடம் கேட்டுக்கொண்டேயிருந்தார். அந்தக் குருவியின் பேரிலேயே 1985 இல் தன்வரலாறு எழுதினார். எங்களில் ஒருவர் இப்படி ஒரு வேலையைச் செய்திருக்கிறார் என்பது முகாமில் இருந்த எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. ஆசிரியர் வேலை கிடைத்து முதல் சம்பளங்களில் மிச்சம் பிடித்து ஒரு பழைய பைனாகுலர் வாங்கினேன். இப்போது அது மகனின் கழுத்தில் தொங்குகிறது.

சனிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். ஏ9 வீதியில் பளை வரை போய், கிழக்கே திரும்பி, மருதங்கேணி, கட்டைக்காடு வழியே கடற்கரையோரமாகப் போனால் சுண்டிக்குளம். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் களப்பு, நடுவில் மணல் திட்டு. பனை, தாழை, முள்ளுப்பற்றை. ஆனையிறவுத் தாம்போதிக்குக் கிழக்கே விரிகிற நீர்ப்பரப்பின் கடைசி முனை இது. மழைக்காலத்தில் வன்னிப் பக்கத்து ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். வெயில் ஏற ஏற உப்புக் கூடும். கடைசியில் பல இடம் காய்ந்து வெள்ளையாகப் பொரிந்துவிடும். இந்த மாற்றந்தான் பறவைகளுக்குச் சாப்பாடு. நன்னீரில் வாத்துக்கள், வற்றும் சேற்றில் உள்ளான்கள், உப்புத் தண்ணீரில் பூநாரைகள்.

வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்தோம். ஊசிவால் வாத்துக்கள் நூறு நூறாகத் தண்ணீரில் மிதந்தன. அவற்றுக்கிடையில் நெற்றியில் மஞ்சள் தீற்றலோடு நாமத்தலை வாத்துக்கள். ஆலாக்கள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு காற்றுக்கு எதிராக நின்றன. கரையோரம் செவ்வரி நாரை, கரண்டிவாயன், கால்கள் மட்டும் சிவந்த பவளக்காலி. மகன் கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தான். திடீரென்று பைனாகுலரைத் தந்து, "அங்க பாருங்க வாப்பா" என்றான். தூரத்தில் களப்பின் நடுவே வெளிர்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள். தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துத் தின்றுகொண்டிருந்தன. எல்லா வருடமும் வருவதில்லை. தண்ணீர் மட்டம் சரியாக இருந்தால்தான் வரும். இந்தியாவின் கட்ச் சதுப்பிலிருந்து வருவதாகக் கருதுகிறார்கள்.

"சிலது சாம்பலா இருக்கு. வேற சாதியா?"

"இல்ல மகன், அது குஞ்சுகள். போன வருஷம் பொரிச்சதா இருக்கும். இந்தத் தண்ணீல இருக்கிறதைத் திண்டு திண்டுதான் நிறம் வரும். ரெண்டு மூணு வருஷம் போகும்."

"அப்ப அதுகளுக்கு வழி? தாய் தகப்பன் கூட்டிக்கொண்டு வருமா?"

"பூநாரை கூட்டமா வரும். உள்ளானில அப்பிடி இல்ல." வளைமூக்கு உள்ளானைக் காட்டிச் சொன்னேன். வடதுருவக் கரையில் முட்டையிட்டதும் ஆண் முதலில் புறப்பட்டுவிடும். குஞ்சு தானாகத் தின்னத் தொடங்கியதும் தாயும் போய்விடும். குஞ்சுகள் கடைசியில் தனியாகப் புறப்பட்டு, முன்பின் பார்த்திராத கரைக்கு வந்து இறங்கும். 2022 ஒக்டோபரில், பிறந்து ஐந்து மாதமேயான பட்டைவால் மூக்கான் ஒன்று அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, பதினொரு நாள் எங்கும் இறங்காமல், 13,560 கிலோமீற்றர் பறந்து தஸ்மானியாவில் போய் இறங்கியது. அதற்கு முன் அது அலாஸ்காவை விட்டு வெளியே போனதேயில்லை.

அவன் வெகுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அதுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல்ல, என்ன?" என்றான்.

"இல்ல."

அவனுக்கு நான் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்கவேண்டும். அவன் சிரித்தான். நான் பைனாகுலரை எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அறுபது வயதிருக்கும். களப்பில் இறால் பிடிப்பவர்.

"எங்கயிருந்து வாறியள் தம்பி?"

"புத்தளம் அண்ணை."

"கதை எங்கட பக்கத்துக் கதையா இருக்கு. சொந்த இடம்?"

"சோனகத்தெரு."

"ஓ… தொண்ணூறிலை போன ஆக்களோ." சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு தானாகவே, "போன எண்டு சொல்லக்கூடாது" என்றார். மகனிடம் பனங்கட்டித் துண்டை நீட்டினார்.

அவர் குடும்பமும் இருந்தபடி இருந்ததில்லை. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஊரோடு ஓடி, முகாமில் கிடந்து, பிறகு திரும்பி வந்தவர்கள். "வந்து பாத்தா எல்லைக்கல் போட்டிருக்கினம். குருவிக்கு எண்டு சொல்லுகினம். நாங்கள் குருவிக்கு என்ன செய்தனாங்கள்? குருவியைப் பாத்துத்தான் இறால் எங்க நிக்குது எண்டு எங்கட அப்பு அறிஞ்சவர்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 1937 இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1938 இல் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயம் என்றால் அதன் எல்லைக்குள் தனியார் காணியும் இருக்கலாம். பறவையும் இருக்கும், மனிதனும் இருப்பான். 2015 இல் அதைத் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்த்தினார்கள். தேசியப் பூங்கா அரச காணியில் மட்டும் அமைவது. உள்ளே போக அனுமதி வேண்டும், வாழ்கிற தொழிலுக்கு இடமில்லை. பறவைக்கு அது நல்லதுதான். ஆனால் வரைபடத்தில் கோடு கீறிய நேரத்தில் யார் ஊரில் இருந்தார்கள், யார் இல்லை என்பதும் கோட்டின் போக்கை முடிவு செய்கிறது.

இது எனக்குப் புதிய கதையல்ல. மன்னாரில் முசலிப் பக்கத்து முஸ்லிம் கிராமங்கள் மரிச்சுக்கட்டியும் கரடிக்குளியும். 1990 இல் ஆட்கள் வெளியேற்றப்பட்டு, இருபது வருடம் ஆளில்லாமல் காடேறிப்போயின. அந்தக் காடு 2012 இல் வர்த்தமானியில் வனமாக அறிவிக்கப்பட்டது. திரும்பிப்போய் பற்றை வெட்டியவர்கள் 2015 இல் பத்திரிகைகளில் வில்பத்துவை அழிப்பவர்கள் ஆனார்கள். அந்த நாட்களில் நான் ஒரு பக்கமும் நிற்க முடியாமல் திண்டாடினேன். குருவி பார்க்கிற நண்பர்கள், கொழும்பில் இருப்பவர்கள், "நீங்களே சொல்லுங்கள், காடு முக்கியமில்லையா?" என்று கேட்டார்கள். காடு முக்கியம். அந்தப் பக்கம் உண்மையாகவே பழைய காடும் வெட்டுப்பட்டிருக்கலாம். அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் என் சொந்தக்காரர் ஒருவரின் வளவில் நின்ற பாலைமரத்தின் வயது, அவர் புத்தளத்தில் அகதியாக இருந்த வருடங்களின் எண்ணிக்கைதான்.

பஸ்ஸில் திரும்பும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சரணாலயத்தில் ஒரு விசித்திரமான நீதி இருக்கிறது. வலசைப் பறவைகள் வருடத்தில் பாதி நாள் அங்கே இல்லை. சித்திரையில் போனால் புரட்டாசியில்தான் வரும். ஆனியில், ஆடியில் போய்ப் பார்த்துவிட்டு, "குருவி ஒன்றுமில்லையே, இந்த நிலம் சும்மா கிடக்கிறதே" என்று யாரும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இல்லாதவர்களுக்கென்று ஒரு நிலத்தை வைத்திருப்பதற்குப் பேர்தான் சரணாலயம். 86 வருடங்களுக்கு முன் பறவைக்கு அந்த நீதியை எழுதிவைத்தார்கள். மனிதருக்கு இந்த நாட்டுச் சட்டம் நேர்மாறானது. பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தால், அனுபவித்தவர் காணிக்கு உரிமை கோரலாம். யுத்தத்தால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்காக அதில் ஒரு விலக்கு வந்தது 2016 இல்தான். அந்த வாசலும் இரண்டு வருடத்துக்கு மட்டும் திறந்திருந்தது.

இன்னொன்றும் தோன்றியது. பறவை ஏக்கத்தால் திரும்பி வருவதில்லை. சேற்றில் இரை இருப்பதால் வருகிறது. சேறு மூடப்பட்டால், எத்தனை தலைமுறை வந்த கரையானாலும், அது வேறு கரை தேடும், கிடைக்காவிட்டால் சாகும். நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு ஏக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு, இவர்கள் ஏன் "எங்கட ஊர்" என்று சொல்வதில்லை என்று கவலைப்படுகிறோம். 2002 இல் பாதை திறந்தபோதும் 2009 இற்குப் பிறகும் எத்தனையோ பேர் திரும்பிப் போனார்கள். வீடு கட்ட உதவி கிடைக்காமல், தொழில் இல்லாமல், பிள்ளையின் படிப்பு புத்தளத்தில் இருப்பதால் பலர் மறுபடியும் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஊர் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வளவுக்குப் போனோம். விற்பதற்குமுன் ஒருதரம் மகனுக்குக் காட்டலாம் என்று. படலை இல்லை. வேலிக்கிளுவை மரமாகிவிட்டது. உள்ளே ஈச்சம்பற்றையும் நாயுண்ணியும் வேம்பும் நெருங்கி வளர்ந்திருந்தன. பக்கத்து வளவில் இருப்பவர் எங்களோடு படித்தவர். பாம்பு கிடக்கும் என்று தடியோடு வந்தார். மகன் அத்திவாரக் கல்லில் ஏறி நின்று, "எது குசினி? எது ஹோல்?" என்று கேட்டான். காட்டினேன். இரண்டு எட்டில் முடிந்துவிட்டது. என் ஞாபகத்தில் அது பெரிய வீடு.

கிணற்றுக் கட்டு உடைந்திருந்தது. எட்டிப் பார்த்தால் சருகும் மட்டையும் மூடி, தண்ணீர் தெரியவில்லை.

"இந்தப் பத்தைக்குள்ள ஒரு குருவி இருக்கு" என்றார் பக்கத்து வளவுக்காரர். "மாரியில வரும். விடியவும் பின்னேரமும் கூப்பிடும். எங்கட மனிசி அதுக்கு நேரம் பாத்து உலை வைப்பா."

"ஆறுமணிக்குருவியா?"

"பேர் தெரியாது. பச்சையும் சிவப்புமா."

2011 இல், உம்மா மௌத்தாவதற்குச் சில மாதத்துக்கு முன், ஒருதரம் கேட்டேன். இருபது வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. கடகம் என்னானது? உம்மா உடனே சொன்னார், நேற்று நடந்தது போல. "வீட்டைப் பூட்டேக்க தூக்கிவிட்டன். அது பறக்கல்ல. கிணத்தடியில அப்பிடியே குந்திக்கொண்டிருந்திச்சு. நீ பாத்தா அழுவாய் என்டு உன்னை முன்னால அனுப்பினன்."

திங்கட்கிழமை காலை வாங்க வந்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. ராத்தாதான் தொலைபேசியில் நன்றாகத் திட்டினார். "என்ன செய்யப்போறாய்? அங்க போய் இருக்கப்போறியா?" இல்லை என்றேன். அது உண்மை. என் வேலை புத்தளத்தில், மனைவியின் உறவுகள் புத்தளத்தில், வாப்பா உம்மாவின் கபுரும் அங்கேதான். "அப்ப எதுக்கு?" என்றார். அதற்குத் தொலைபேசியில் சொல்லும்படி ஒரு பதில் என்னிடம் இருக்கவில்லை. அவர் பங்குக் காசை ஆறுதலாகத் தருவதாகச் சொன்னேன்.

அன்றும் மறுநாளும் இரண்டு கூலியாட்களை வைத்து வேலை செய்தோம். வளவைப் பாதியாகப் பிரித்தேன். றோட்டுப் பக்கத்துப் பாதியைத் துப்புரவாக்கி, கம்பி வேலி போட்டு, ஒரு படலை வைத்தோம். ஓர் அறையும் குசினியும் கட்டுமளவுக்கு இடம். பின்பக்கத்துப் பாதியில் கைவைக்கவில்லை. பற்றை பற்றையாகவே இருக்கட்டும் என்றேன். கூலியாட்கள் என்னைப் பார்த்த பார்வையில், காசு கொடுத்துக் காடு வளர்க்கிற ஆள் என்பது தெரிந்தது. பக்கத்து வளவுக்காரர், "பாம்புக்கு நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிச் சிரித்தார்.

கிணற்றை இறைத்தோம். சருகும் மட்டையும் ஒரு ட்ரக்டர் பெட்டி வந்தது. அதற்கடியில் கறுத்த சேறு. மோட்டர் வைத்து இறைக்க இறைக்க, அடியில் சுண்ணாம்புக்கல் வெடிப்பிலிருந்து நீர் ஊறிவருவது தெரிந்தது. முதல் நாள் கலங்கல். இரண்டாம் நாள் காலையில் அடிக்கல் தெரிந்தது. மகன் வாளியில் அள்ளி முகம் கழுவி, கொஞ்சம் வாயிலும் விட்டுப் பார்த்தான். "கொஞ்சம் உப்பு" என்றான். பிறகு, "நம்மட கற்பிட்டித் தண்ணீயை விடப் பரவாயில்ல" என்றான்.

அன்று அந்தி கிணற்றுக் கட்டில் இருந்தோம். ஆறு மணி ஆனது, ஆறே காலும் ஆனது. பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். குருவி கூப்பிடவில்லை. இரண்டு நாள் மண்வெட்டியும் மோட்டரும் சத்தம் போட்ட இடத்தில் அது எப்படிக் கூப்பிடும்? மகனுக்கு ஏமாற்றம். கொப்பியை விரித்து, அன்றைய பக்கத்தில் ஆறுமணிக்குருவி என்று எழுதி, பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று குறித்தான். சுண்டிக்குளத்தில் எழுதியது போலவே மேலே திகதியும் இடமும் எழுதவேண்டும். இடம் என்ற கோட்டுக்கு நேரே பென்சிலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"என்ன எழுத?"

"உனக்கு என்ன தோணுதோ எழுது" என்றேன்.

அவன் "கிணத்தடி" என்று எழுதினான். யாருடைய கிணறு என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. படலையைச் சாத்திவிட்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் இருவரும் வேகமாக நடந்தோம்.